நாகசாகி ரொம்ப தூரம்

நாகசாகின்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? அதேதான். எனக்கும் அதுதான் வந்தது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு எழுதியிருக்கும் ஊர். ஒரு மார்க் கேள்விக்குப் பதில். அதைத் தாண்டி அந்த ஊரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.

ஆன்சைட்டுக்கு ஃபுகுவோகா வந்து ஏழு மாசம் ஆனபிறகுதான் ஒரு சனிக்கிழமை அங்கே போகலாம்னு கிளம்பினேன். எங்க டீமில் ஓய்வு பெறும் வயதில் ஒரு பெரியவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரிடம் சும்மா சொன்னேன். "காலைல போய் குண்டு விழுந்த இடம், மியூசியம், அமைதிப் பூங்கா எல்லாம் பாத்துட்டு சாயங்காலமே திரும்பிடுவேன்."

அவர் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "அது நான் பிறந்த ஊர். நீங்க முதல்ல துறைமுகத்துக்குப் போங்க. அப்புறம் எங்கயாவது உக்காந்து நல்லா சாப்பிடுங்க. உராகாமிக்குக் கடைசியா போங்க."

எனக்கு சுருக்குன்னு இருந்தது. ஏன்னா, நான் நாகப்பட்டினத்துக்காரன். காலேஜ் ஹாஸ்டலில் முதல் நாள் ஊர்ப் பேரைச் சொன்னதும் ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி, "சுனாமி ஊரா?" நாலு வருஷமும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2004 டிசம்பர் 26 எங்க மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எனக்கு அப்போ ஏழு வயசு. அதை மறக்கச் சொல்லவில்லை, மறக்கவும் முடியாது. ஆனால் சோழர் காலத்திலிருந்து கப்பல் வந்து போன ஊரை, ஒரே ஒரு காலைப்பொழுதாகச் சுருக்கிவிட்டால் எரிச்சல் வருமா வராதா? அந்த எரிச்சலை நானே ஒரு நாகசாகிக்காரருக்குக் கொடுத்திருக்கிறேன்!

அதனால் அவர் சொன்ன வரிசையிலேயே போனேன். இந்தப் பதிவும் அதே வரிசையில்தான்.

நீண்ட முனை

ஹகாட்டா ஸ்டேஷனில் ரயில் ஏறி, தாகேயோ-ஓன்சென் என்ற ஊரில் எதிர் பிளாட்பாரத்தில் நிற்கும் ஷின்கன்சென்னுக்கு மாறணும். 2022 செப்டம்பரில் திறந்த பாதை. மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். பாதி நேரம் சுரங்கத்துக்குள்ளேயே போகிறது. வெளிச்சம் வந்து கண்ணைக் கசக்கினால் நாகசாகி.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். தென்மேற்கிலிருந்து கடல் ஒரு நீண்ட விரல் மாதிரி நிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மலை. விரலின் நுனியில் ஊர். அங்கே இரண்டு பள்ளத்தாக்குகள். கிழக்கே நகாஷிமா ஆற்றங்கரையில் பழைய நகரம். வடக்கே உராகாமி ஆற்றங்கரையில் உராகாமி. இரண்டுக்கும் நடுவில் 366 மீட்டர் உயரத்துக்கு கொன்பிரா மலை. இந்த மலையை ஞாபகம் வச்சுக்குங்க. திரும்ப வருவோம்.

சமதரை ரொம்பக் குறைவு. வீடெல்லாம் மலைச்சரிவில் படிக்கட்டு மேல் படிக்கட்டாக ஏறிக்கொண்டே போகிறது. ஜப்பானில் எங்கே பார்த்தாலும் சைக்கிள் இருக்கும், இங்கே தேடணும். ஓரிடத்தில் சாலைக்குப் பதிலாகவே ஒரு சாய்வு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பாட்டிகளும் சர்வ சாதாரணமாக ஏறி இறங்குகிறார்கள்.

'நாகா' என்றால் நீளம், 'சாகி' என்றால் முனை. நீண்ட முனை. 1571-இல் ஒமுரா சுமிதாதா என்ற சிற்றரசர் போர்த்துக்கீசியருக்காக இந்தத் துறைமுகத்தைத் திறந்துவிட்டார். ஜப்பானின் முதல் கிறிஸ்தவ பிரபு இவர்தான். ஆழமான தண்ணீர், புயல் நுழையாத மலைச்சுவர், எதிரி சுலபத்தில் வர முடியாத ஒடுக்கமான வாய். மாலுமிக்கு வேறென்ன வேணும்? அந்த முனையின் மேல் ஆறு தெருக்களோடு தொடங்கியது ஊர்.

போர்த்துக்கீசியரோடு பாதிரிமார்களும் வந்தார்கள். 1580-இல் ஊரையே சேசு சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் ஒமுரா. இது ஆள்பவர்கள் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? 1587-இல் ஹிதேயோஷி பாதிரிமார்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5 அன்று நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த 26 பேரில் ஒருவர் கொன்சாலோ கார்சியா. மும்பை பக்கத்து வசையில் பிறந்தவர். புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியர். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் அந்த நினைவிடம் இருக்கிறது. சுவரில் வரிசையாக 26 வெண்கல உருவங்கள், அதில் நம்மாள் ஒருவர். எனக்கு இது அதுவரை தெரியவே தெரியாது.

1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடை. 1639-இல் போர்த்துக்கீசியரே வெளியேற்றம். போனவர்கள் சில சாப்பாட்டு வழக்கங்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் டெம்புரா அதில் ஒண்ணு. கொன்பெய்தோ என்கிற சர்க்கரை மிட்டாய் ஒண்ணு. எல்லாத்துக்கும் மேலே கஸ்டெல்லா. ஜப்பானியர் வாயில் 'கசுதேரா'. காஸ்டில் ராஜ்யத்தின் பெயரிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். முட்டை, சர்க்கரை, மாவு, கொஞ்சம் பாகு. வெண்ணெயும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. அடியில் பெரிய சர்க்கரைப் பரல்கள் கரையாமல் ஒட்டியிருக்கும். 1624-லிருந்து இதைச் செய்துகொண்டிருக்கும் கடை இன்னும் நடக்கிறது, ஃபுகுசாயா என்று பெயர். கொண்டுவந்தவர்களைத் துரத்தியாச்சு, கேக்கை மட்டும் 400 வருஷமாகச் சாப்பிடுகிறார்கள் :-)

ஒரே ஒரு போர்ட் திறந்த ஃபயர்வால்

அந்த முனைக்கு எதிரே கடலில் மண்ணைக் கொட்டி 1636-இல் ஒரு செயற்கைத் தீவு கட்டினார்கள். தேஜிமா. விசிறி வடிவம், நாலு ஏக்கர்கூடத் தேறாது. செலவை ஏற்றுக்கொண்டவர்கள் ஊரின் 25 பணக்காரர்கள். முதலில் போர்த்துக்கீசியரை அடைத்து வைக்கத்தான் கட்டியது. அவர்களைத் துரத்தியதும் காலியாகக் கிடந்த தீவுக்கு 1641-இல் டச்சுக்காரர்களைக் குடியேற்றினார்கள். தீவுக்கும் ஊருக்கும் ஒரே ஒரு பாலம், அதில் காவல். அனுமதி இல்லாமல் இந்தப் பக்கத்தவர் அங்கே போகக்கூடாது, அந்தப் பக்கத்தவர் இங்கே வரக்கூடாது.

நம்ம பாஷையில் சொன்னால் ஃபயர்வால். எல்லாப் போர்ட்டையும் மூடிவிட்டு ஐரோப்பாவுக்கு ஒரே ஒரு போர்ட். (நிஜமாகவே போர்ட்!) கொரியாவுக்கும் ரியூக்யூவுக்கும் வேறு சின்ன வாசல்கள் இருந்தன. ஆனால் ஐரோப்பியப் புத்தகம், மருந்து, கருவி எதுவானாலும் 200 வருஷத்துக்கு மேல் இந்த நாலு ஏக்கர் வழியாகத்தான் உள்ளே போயாகணும்.

இப்போ தேஜிமாவைச் சுற்றி கடல் இல்லை. பின்னால் வந்தவர்கள் கடலைத் தூர்த்துவிட்டார்கள், டிராம் ஓடுகிறது. ஆனால் பழைய கட்டிடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டி, 2017-இல் பாலத்தையும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அங்கே இறக்குமதிச் சரக்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டு வந்தவன் ஒரு பெயரில் நின்றுவிட்டேன்.

சாந்தோமே.

கோடு போட்ட பருத்தித் துணி. ஆமாங்க, நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான்! சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடு போட்ட துணிக்கு ஜப்பானில் 'சாந்தோமே' கோடு என்று பெயர். எடோ காலத்தில் அது பெரிய ஃபேஷன், பிறகு ஜப்பானியர்களே அதே மாதிரி நெய்ய ஆரம்பித்தார்கள். டச்சுக்காரர்கள் நம்ம கரையில் துணி வாங்கி, படேவியா வழியாக இங்கே கொண்டுவந்து விற்று, இங்கிருந்து செம்பு ஏற்றிப்போய் நம்ம கரையில் விற்றார்கள். 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் இதே டச்சுக் கம்பெனிதான். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தையும் எங்க ஊருக்கு மாற்றினார்கள். அதாவது என் ஊரும் இந்த ஊரும் ஒரே கம்பெனியின் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தவை. இது எதுவும் தெரியாமல் 'குண்டு பாத்துட்டு வரேன்'னு கிளம்பியிருக்கிறேன் பாருங்க.

டச்சுக் கப்பல்களில் மூட்டை மூட்டையாக வந்த இன்னொரு சரக்கு சர்க்கரை. அன்றைய ஜப்பானில் சர்க்கரை என்பது மருந்துக்கடைச் சாமான். நாகசாகியில் மட்டும் தாராளம். கப்பலில் மூட்டை தூக்குபவர்கள் கைக்கும் கொஞ்சம் சிந்தும். அதனால் இந்த ஊர்ச் சமையலில் எல்லாவற்றிலும் ஒரு இனிப்பு தூக்கலாக இருக்கும். விருந்தாளிக்கு அள்ளிப் போட்டால்தான் மரியாதை. ஒரு பதார்த்தத்தில் இனிப்பு போதவில்லை என்றால் இங்கே எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? "நாகசாகி ரொம்ப தூரம்!"

இங்கிருந்து மலை தாண்டி வடகிழக்கே ஒரு சாலை போனது. நாகசாகி கைடோ. 25 தங்கல் ஊர்கள், 220 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் சர்க்கரை இறங்கி, ஊருக்கு ஒரு பலகாரம் பிறந்தது. அதனால் இன்றைக்கு அதைச் சர்க்கரைச் சாலை என்கிறார்கள். அந்தச் சாலை முடியும் ஊரின் பெயர் கோகுரா. இதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

புரியாத சாப்பாடு

மணி ஒண்ணரை, பசி. சைவ நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம், பாவம் எனக்கு வேண்டாம்.

டச்சுக்காரர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். சீனர்கள் ஆயிரக்கணக்கில். வியாபாரமும் அவர்களுடையதுதான் பெரிசு. 1689-இல் அவர்களுக்கும் வேலி போட்டுத் தனிக் குடியிருப்பு கட்டினார்கள். இரண்டு வேலிக்கும் நடுவே வளர்ந்த ஊர்ச் சமையலுக்கு 'வா-கா-ரான்' என்று பெயர். வா ஜப்பான், கா சீனா, ரான் ஹாலந்து. சேர்த்துச் சொன்னால் ஜப்பானிய மொழியில் 'புரியலை' என்றும் அர்த்தம் வரும். ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கிற சிலேடை இது.

அதன் ராஜ வடிவம் ஷிப்போக்கு விருந்து. சிவப்பு அரக்கு பூசிய வட்ட மேஜை, நடுவில் பெரிய பெரிய தட்டுகள், சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடணும். அன்றைய ஜப்பானில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குட்டி மேஜை, யார் எங்கே உட்காரணும் என்பதற்கு ஆயிரம் அந்தஸ்து. வட்ட மேஜையில் தலைமாடும் கிடையாது கால்மாடும் கிடையாது. எனக்கு ஷிப்போக்கு கட்டுப்படியாகவில்லை, அது விருந்துக் கணக்கு. எட்டிப் பார்த்ததோடு சரி.

நான் சாப்பிட்டது சாம்போன். ஃபூஜியானிலிருந்து வந்த சென் பிங்ஷுன் என்பவர் 1899-இல் ஷிகாய்ரோ என்ற உணவகம் தொடங்கினார். கையில் காசில்லாத சீன மாணவர்கள் மலிவா வயிறு நிறையச் சாப்பிட அவர் செய்ததுதான் சாம்போன் என்பார்கள். பன்றி எலும்பு, கோழி எலும்பு சாறு. அதில் முட்டைக்கோஸ், பயறு முளை, இறால், கணவாய், பன்றி இறைச்சி. ராமென்னில் நூடுல்ஸைத் தனியாக வேகவைத்துச் சாற்றில் போடுவார்கள். இங்கே தடிமனான நூடுல்ஸ் அந்தச் சாற்றிலேயே வேகும். 'சாம்போன்' என்றால் ஜப்பானிய மொழியில் கலப்படம், எல்லாம் கலந்தது என்று பொருள். தட்டு வரும்போது மலை மாதிரி இருந்தது. எங்க அம்மா, மிஞ்சிப் போன காயெல்லாம் போட்டு வைக்கும் கதம்ப சாம்பார் ஞாபகத்துக்கு வந்தது. ஏழைக்கு வயிறு நிறைக்கக் கண்டுபிடிச்ச எதுவும் ருசியில் தோத்ததே இல்லை.

பக்கத்து மேஜையில் ஒரு தாத்தா பொரித்த மெல்லிய நூடுல்ஸ் மேல் கெட்டிக் குழம்பு ஊற்றிய சாரா உடோனை வாங்கி, அதன் மேல் ஆங்கிலேயர்களின் வோர்செஸ்டர் சாஸை சாவகாசமாக ஊற்றிக்கொண்டிருந்தார். சீன நூடுல்ஸ், ஆங்கில சாஸ், ஜப்பானியத் தாத்தா. ஊரே ஒரு தட்டில் இருந்தது.

உராகாமி

மூன்றரை மணிக்கு டிராம் ஏறி வடக்கே போனேன்.

உராகாமி, கிறிஸ்தவ கிராமம். தடை வந்தபிறகு ஒவ்வொரு வருஷமும் ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் ஏசு, மேரி உருவம் பதித்த தகட்டை வைத்து ஜனங்களை மிதிக்கச் சொல்வார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பார்கள். பாதிரியார் கிடையாது, கோயில் கிடையாது. அப்பா பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை பேரனுக்குச் சொல்லி, 250 வருஷம். 1865 மார்ச் 17 அன்று, வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டிய ஊரா தேவாலயத்துக்கு உராகாமியிலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. அதில் ஒரு பெண் பிரெஞ்சுப் பாதிரியாரின் அருகே போய், எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னார். மேரியின் சிலை எங்கே என்று கேட்டார்.

வெளியே தெரிந்ததற்குப் பலன், 3,000 பேருக்கு மேல் நாடு கடத்தல் போலப் பல பிரதேசங்களுக்கு விரட்டப்பட்டார்கள். 600 பேருக்கு மேல் திரும்பவில்லை. 1873-இல் தடை நீங்கி ஊர் திரும்பியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வருஷா வருஷம் தங்களை மிதிக்க வைத்த அந்த ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தையே வாங்கினார்கள். 1895-இல் அதில் தேவாலயம் கட்டத் தொடங்கி 1914-இல் முடித்தார்கள்.

1945 ஆகஸ்ட் 9. அமெரிக்க விமானம் தேடிப்போனது நாகசாகியை இல்லை, கோகுராவை. சர்க்கரைச் சாலை முடியும் அதே கோகுரா. அங்கே வானம் மூடியிருந்தது, மூன்று முறை சுற்றியும் இலக்கு தெரியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டே வர, இரண்டாவது இலக்குக்குத் திரும்பியது. நாகசாகியிலும் மேகம். குறி வைத்தது பழைய நகரத்தின் நடுவில். மேகம் விலகிய இடைவெளியில் குண்டு வெடித்தது சுமார் 3 கிலோமீட்டர் வடமேற்கே, உராகாமிப் பள்ளத்தாக்கின் மேல். மணி 11:02. தேவாலயம் அங்கிருந்து 500 மீட்டர். உள்ளே பாவமன்னிப்புக்குக் காத்திருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. உராகாமியின் 12,000 கத்தோலிக்கர்களில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். மொத்தம், அந்த வருஷ முடிவுக்குள் 74,000 பேர் அளவில். வேலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த கொரியர்களும் அதில் உண்டு. கப்பல் கட்டுவதும் டார்பிடோ செய்வதுமாக இருந்த ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது அவை மட்டுமில்லை.

கொன்பிரா மலை ஞாபகம் இருக்கா? அது குறுக்கே நின்றதால் பழைய நகரம் பெருமளவு தப்பியது. தேஜிமா, தேவாலயம், பலகாரக் கடை எல்லாம் நான் காலையில் பார்க்க முடிந்தது அந்த மலையால்தான்.

அமைதிப் பூங்காவில் நிறையப் பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தேவாலயத்துக்கு நடந்தேன். இப்போது இருப்பது 1959-இல் கட்டியது. பழைய கோபுர மணி ஒன்று இடிபாட்டில் முழுசாகக் கிடைத்து, 1945 கிறிஸ்துமஸுக்கே ஒலித்திருக்கிறது. உடைந்துபோன இன்னொன்றுக்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் ஒரு மணி செய்து கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 9, 11:02-க்கு இரண்டும் 80 வருஷத்துக்குப் பிறகு சேர்ந்து ஒலித்தன.

காலையிலேயே நேராக இங்கே வந்திருந்தால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். 250 வருஷம் ஒளிந்து காத்ததை 500 மீட்டர் தூரத்தில் இழந்தார்கள் என்பது உறைத்திருக்காது. எதை இழந்தது என்று தெரியாமல் இழப்பு மட்டும் எப்படிப் புரியும்? பெரியவர் 'கடைசியா போங்க' என்றது இதற்குத்தான்.

திரும்பும்போது ரயில் நின்ற ஸ்டேஷன்கள்: இசஹாயா, ஒமுரா, உரேஷினோ, தாகேயோ. எல்லாம் சர்க்கரைச் சாலையின் பழைய தங்கல் ஊர்கள்.

திங்கட்கிழமை பெரியவர் மேஜையில் ஒரு கஸ்டெல்லா டப்பாவை வைத்தேன். நாகசாகிக்காரருக்கே நாகசாகி கேக், திருநெல்வேலிக்கே அல்வா :-) "நாகசாகி இப்ப பக்கம்தான்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த வழக்கு யார் சொன்னாங்க? எங்க அம்மா சொல்லுவாங்க. யுத்த காலத்துல சர்க்கரையே கிடையாதாம். நாகசாகிக்குள்ளேயே உக்காந்துக்கிட்டு 'நாகசாகி ரொம்ப தூரம்'னு சொல்லிச் சிரிப்பாங்களாம்." அம்மாவுக்கு அன்றைக்கு எட்டு வயசு. வீடு கொன்பிராவுக்கு இந்தப் பக்கம்.

பிறகு டப்பாவைப் பிரித்து ஒரு துண்டு எடுத்தார். கேக்கைச் சாப்பிடவில்லை. அடிக் காகிதத்தை மெதுவாக உரித்து, அதில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பரல்களை முதலில் சுரண்டிச் சாப்பிட்டார். அவங்க அம்மாவும் கடைசி வரைக்கும் அப்படித்தான் சாப்பிடுவாங்களாம்.

பி.கு: அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவரை நாகப்பட்டினத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் துறைமுகம், அப்புறம் மீன் குழம்பு. கடற்கரைக்குக் கடைசியாகத்தான்.